இறுக்கிக் கட்டிய வலை

பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதன் மேல் ஒரு பூட்டையும் மாட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டபோது மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"எதுக்குப்பா பூட்டறீங்க?"

மகள். விஷயம் தெரிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

"வீட்ல ஆளுங்க ஜாஸ்தி. பின்னாடி போய் யாராவது பாத்தியை மிதிச்சிடுவாங்க."

"நான் பாக்கணும்ப்பா. அம்மா போட்ட கோஸ்."

"அப்புறம் பாக்கலாம். நீ போய் அம்மா பக்கத்துல உக்காரு."

அவள் போனாள். மெக்கானிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். திருடனுக்குக்கூட இவ்வளவு வியர்த்திருக்காது.

முன்னறையில் அவர் மனைவி கிடத்தப்பட்டிருந்தாள். விடியும் நேரத்தில், அவளைக் கவனித்துக்கொள்ள வந்திருந்த நர்ஸம்மா தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே, சத்தம் காட்டாமல் போய்விட்டாள். வாழ்க்கையில் அவள் சத்தம் காட்டாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

வாசலில் மைத்துனர், அவளுடைய தம்பி, வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். "அக்கா குறையில்லாமப் போயிட்டா. தன் கையால நட்ட கோஸ், அதுல சூப்பு வெச்சுக் குடிச்சிட்டுத்தான் கண்ணை மூடியிருக்கா. அறுத்துட்டு வந்து குடுத்தது யாருங்கறீங்க? நம்ம மச்சான். ஸ்பேனரைத் தவிர எதையும் தொடாத மனுஷன்."

"குடுத்து வெச்சவங்க," என்றார் வந்தவர்களில் ஒருவர்.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். துக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து யாரோ தோளில் தட்டிக்கொடுத்தார்கள்.

கோஸ் பாத்தியிலிருந்து வரவில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்தது.

பாத்தி அவளுடையது. முட்டைகோஸ் நாற்றை நட்டு, வேர் பிடிக்கும் நேரத்தில் படுக்கையில் விழுந்தாள். படுக்கையறை ஜன்னல் தெருவைப் பார்த்தது. அங்கிருந்து பாத்தி தெரியாது. அதனால் உத்தரவு அங்கே பிறக்கும், வேலை இங்கே நடக்கும்.

"வெள்ளைப் பட்டாம்பூச்சி சுத்த ஆரம்பிச்சிருக்கும். வலையைப் போடுங்க. ஆனா இலை மேல படக் கூடாது. நாலு பக்கமும் கம்பு நட்டு உசத்திக் கட்டுங்க. செடி வளர வளர வலையும் ஏறணும்."

'வலையைப் போடுங்க' என்றதோடு மெக்கானிக் எழுந்து போய்விட்டார். வாழ்நாளெல்லாம் இன்ஜின் பெல்ட்டை இறுக்கிப் பிழைத்தவர். தொளதொளவென்று எது தொங்கினாலும் அவருக்குக் கை நமநமக்கும். வலையைச் செடியோடு செடியாக இழுத்து, சுற்றிலும் செங்கல்லை அடுக்கி, டிரம் மாதிரி விறைப்பாக்கிவிட்டுத்தான் ஓய்ந்தார். தட்டிக்கூடப் பார்த்தார்.

இலைகள் பெருத்து வலையை முட்டின. பட்டாம்பூச்சிகள் மேலே சாவகாசமாக உட்கார்ந்து, வாலைக் கண்ணிக்குள் விட்டு முட்டை வைத்துவிட்டுப் போயின. பொரிந்த புழுக்களைக் கொத்த வந்த குருவிகளை அதே வலை வெளியே நிறுத்தியது. அவர் கவனித்தபோது இலையில்லை. நரம்பு இருந்தது.

அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "எப்படிங்க இருக்கு?" என்று கேட்பாள். "நல்லா இருக்கு" என்பார். "இந்நேரம் உருண்டு வந்திருக்குமே?" என்பாள். "வந்திருக்கு" என்பார். கடைசியில் ஒருநாள், "ஒண்ணைக் கண்ணுல காட்டக் கூடாதா?" என்றாள்.

முழங்கால் வலியோடு மார்க்கெட்டுக்கு நடந்தார். கைக்கு அடக்கமாக ஒன்றைப் பொறுக்கினார். வீட்டுக்குப் பின்னால் போய்க் காம்பில் ஈரமண்ணைப் பூசினார். கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். இரண்டு கையாலும் உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்குங்க," என்றாள்.

நர்ஸம்மா சூப்பு வைத்தாள். மனைவி இரண்டு ஸ்பூன் வாங்கிக்கொண்டதை மெக்கானிக் நிலைப்படியில் நின்று கண்ணால் பார்த்தார். வெளியே போய் மகளுக்குப் போன் போட்டார். மைத்துனருக்குப் போட்டார். அந்தச் சந்தோஷத்தில் நாலு பேருக்குக் கூடுதலாகவே சொன்னார்.

இப்போது அந்தப் பொய் வீடு நிறைய உட்கார்ந்திருந்தது.

அது போகட்டும். விடிந்ததிலிருந்து அவரைக் குடைந்தது ஒரே கேள்வி. அவள் நம்பினாளா? ஏமாந்துபோய்ச் செத்தாளா? அதற்குப் பதில் தெரிந்திருந்தால் நர்ஸம்மாவுக்குத்தான் தெரிந்திருக்கும். அவளைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை. அடுப்படியில் ஒருமுறை நெருங்கினார், டீக்குப் பால் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். மருந்துப் பெட்டியை அவள் ஒழித்துக்கொண்டிருந்தபோது வாயைத் திறந்தார்.

"மச்சான், வண்டி வந்தாச்சு," என்றார் மைத்துனர்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது நர்ஸம்மா பையைத் தோளில் மாட்டியிருந்தாள். சாயங்காலம் வேறொரு வீட்டில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளப் போக வேண்டும்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் வரேன்."

"எதுக்குங்கய்யா? நீங்க படுங்க."

அவர் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஸ்டாப்பில் வேறு யாருமில்லை.

"நர்ஸம்மா, அந்தக் கோஸ் இருக்கே... அவ மடியில வெச்சேனே."

நர்ஸம்மா பஸ் வருகிற திக்கைப் பார்த்தாள். "அம்மா உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

"இனிமே அவ வந்து கேக்கவா போறா?"

"நீங்க அந்தண்டை நகர்ந்ததும் காம்பைக் கீறிப் பாத்தாங்க. காஞ்சு கறுத்திருக்கு, அறுத்து நாளாச்சுன்னாங்க. 'மண்ணைப் பூசிட்டு வந்திருக்கார் பாரு, கள்ளன்'னு ஒரே சிரிப்பு. அப்புறம் இருமல் வந்துடுச்சு."

மெக்கானிக் தலையாட்டினார்.

"அதுக்கு முந்தியே தெரியுங்கய்யா அவங்களுக்கு. 'இந்த மனுஷன் பாத்திக்குப் போய்ட்டு வந்தா புழு, முழங்கால்னு அரை மணி திட்டித் தீப்பார். கொஞ்ச நாளா நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போறார். புழு மொத்தத்தையும் முடிச்சிருக்கும்'னாங்க."

"சூப்பு குடிச்சாளே. நான் பாத்தேனே."

நர்ஸம்மா அவர் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"முழுங்கற தெம்பு எங்கங்கய்யா இருந்துச்சு? வாயிலயே வெச்சிருந்தாங்க. நீங்க போன் பேச வெளிய போனதும் கிண்ணத்தை நீட்டினேன், துப்பிட்டாங்க."

பஸ் வந்தது. "மாத்திரையை விட்டுடாதீங்க ஐயா," என்று சொல்லி ஏறிக்கொண்டாள். பஸ் மறைந்த பிறகும் அவர் நின்றார். அடுத்த பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "ஏர்றீங்களா பெரியவரே?" மெக்கானிக் கையை ஆட்டினார். அது போயிற்று.

வீட்டில் மைத்துனர் போனில் யாருக்கோ சூப்புக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் அவரைத் தாண்டிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். செங்கல்லைத் தள்ளி வலையை விலக்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாத்தியில் உட்கார்ந்தார். பச்சைப் புழுக்கள் காம்புகளையும் விடாமல் கடித்துக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடுங்கித் தூர எறிந்தார். இன்னொன்று.

"ஒண்ணை விட்டு வெச்சுதுங்களா பாரு," என்றார் முதலில் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. "வலையும் போட்டுக் குடுத்து, மாப்பிள்ளை மாதிரி உக்கார வெச்சுத் தீனி போட்டிருக்கேன். தின்னிமாடுங்க. கம்பு நடுன்னா நட்டேனா நான்? இந்த முழங்கால் வேற உயிரை எடுக்குது. அந்த மார்க்கெட்காரன், படுபாவி, காஞ்சதைப் பாத்து என் தலையில கட்டியிருக்கான்..."

நிலைப்படியில் மகள் வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். அவரைச் சுற்றி வரிசை வரிசையாக நின்ற வெறும் நரம்புகளைப் பார்த்தாள்.

"யார்கிட்டப்பா பேசறீங்க?"

"புழுகிட்டம்மா," என்றார் திரும்பாமலே.

அவள் உள்ளேயும் போகவில்லை, படியை விட்டு இறங்கவும் இல்லை.

"இன்னும் கேளு," என்று படுக்கையறைப் பக்கமாகச் சொல்லிவிட்டு மெக்கானிக் அடுத்த செடியைத் தன் பக்கம் சாய்த்தார்.