தக்காளி தூங்கிய பிறகு

அந்த வீட்டுப் பள்ளிக்கூடம் சுவரில் இருந்தது. அம்மாக்காரி கரித்துண்டால் வரிசையாக வரைந்து வைத்திருந்தாள்: ஒரு தட்டு, ஒரு பந்து, கண் மூடிய ஒரு குழந்தை, கடைசியில் விரித்த புத்தகம். சாப்பிட்டதும் பாட்டும் எண்ணலும், அப்புறம் விளையாட்டு, அப்புறம் கடைக்குட்டியின் தூக்கம். அவன் தூங்கி வீடு அடங்கிய பிறகு பெரியவளின் வாசிப்பு. மணி பார்க்கத் தெரியாத பிள்ளைகள்கூடச் சுவரைப் பார்த்து அடுத்தது என்னவென்று சொல்லிவிடுவார்கள்.

அப்பாவுக்குக் கம்பி கட்டும் வேலை. ஒரு கட்டடம் எழும்பி முடிந்தால் பாய் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பாதி வருடத்தில் வந்து நிற்கும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் மனம் வரவில்லை. ஏறி இறங்கிக் கால் ஓய்ந்த ஒரு நாள் அவன் மனைவி கூந்தலை அள்ளி முடிந்தாள். "அவங்க சேர்க்கலைன்னா போகட்டும். இந்த வீட்டுக்கு நான்தான் டீச்சர். லேட்டா வர்றவங்கள வெளியில நிக்க வச்சிருவேன், உங்களையும் சேர்த்துத்தான்."

மாணவர்கள் மூன்று பேர். பெரியவளுக்கு எட்டு வயது, அதிர்ந்து பேசமாட்டாள். நடுவிலுள்ளவன் வாலு, அவனை ஓரிடத்தில் உட்கார வைக்க ஆணி அடிக்க வேண்டும். கடைக்குட்டி தக்காளி. அழத் தொடங்கினால் முகம் அப்படிச் சிவந்து உப்பும், இதோ வெடிக்கப் போகிறது என்று நமக்கே பயம் வரும்.

அந்தத் தக்காளி ஒரே ஒரு தோளில்தான் தூங்கும். அம்மாவின் தோளில் பால் நினைப்பு வந்துவிடும். அப்பாவின் தோளில் கம்பித் துரு வாசம். அக்காவின் தோளில் போட்டு, கதவோரம் நின்று, அவள் இடமும் வலமுமாக ஆடினால் மட்டும் கண் சொருகும். அதுவும் லேசில் சொருகாது.

வெயில் காலத்தில் அப்பாவுக்கு விடியும் முன்னே வேலை தொடங்கிவிடும். உச்சி வெயிலுக்குள் அவன் வீடு திரும்பிவிடுவான். அப்படி வந்த ஒரு நாள் பாய் விரித்தபடி கிடந்தது, புத்தகம் திறந்தபடி கிடந்தது, டீச்சர் சும்மா உட்கார்ந்திருந்தாள். பெரியவள் உள்ளறைக் கதவோரம் தம்பியோடு ஆடிக்கொண்டிருந்தாள்.

"பாய் சும்மாதான கிடக்கு. உக்காருங்க," என்றாள் மனைவி.

"எனக்கு எதுக்கு? கட்டை விரலுக்குக் கோவம் வந்துரும். இவ்வளவு நாள் எல்லாக் காகிதத்துலயும் அதுதான வேலை பார்த்துச்சு."

"அதுக்கும் வயசாயிருச்சு, ஓய்வு குடுங்க. அவ வர்ற வரைக்கும் ரெண்டு எழுத்து."

அவ வர்ற வரைக்கும். அப்படித்தான் ஆரம்பித்தது. ரெண்டு எழுத்து நாலாயிற்று, நாலு ஒரு வரியாயிற்று. கம்பி வளைத்துக் காய்த்துப்போன விரலை ஒவ்வொரு எழுத்தின் மேலும் அழுத்தி வைத்து, அதைத் தாண்டினால் விழுந்துவிடுவான் போல அவன் படித்தான். வேலை இடத்தில் தொங்கிய பலகையில் 'தலைக்கவசம் அணிக' என்று தானே படித்த அன்று, தலைக்கவசத்தைக் கழற்றவே மனமில்லாமல் அதோடு வீட்டுக்கு வந்தான். வாலு அதைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு சுவரில் முட்டிப் பார்த்தான்.

தக்காளியைக் கிடத்திவிட்டுப் பெரியவள் அடிமேல் அடி வைத்து வெளியே வரும்போது அநேகமாக அடுப்பு அம்மாவைக் கூப்பிட்டுவிடும். "உன் பாடம்?" என்பாள் அம்மா, எழுந்தபடியே.

"கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்மா," என்று சொல்லிவிட்டுப் பெரியவள் மடமடவென்று ஒப்பிப்பாள். ஒரு சொல் பிசகாது.

"என் கெட்டிக்காரி!" பாயைச் சுருட்டிவிடுவார்கள்.

மச்சான் லாரி ஓட்டுபவன். அக்கா வீட்டு வழியாகச் சரக்கு இறக்க வந்தவன் ஒரு நாள் மதியம் எட்டிப் பார்த்தான். சுவர் ஓவியங்களைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னக்கா, சுவருக்கும் ஃபீஸ் வாங்குறியா? எங்க, பசங்க படிக்கிறத காட்டு பார்ப்போம்."

வாலு முதலில் வந்தான். ஒவ்வொரு சொல்லாக முட்டி மோதி ஒரு வரியைக் கரை சேர்த்துவிட்டு, மாமாவின் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அடுத்துப் பெரியவள். ஏணி வாங்கிய ஆமையின் கதை; காலைப் பாட்டுக்குப் பிறகு அம்மா எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவது. புத்தகத்தை மடிக்கு முன் விரித்துத் தண்ணீர் ஓடுவதுபோல் படித்தாள். "ஆமை ஒன்று ஏணி வாங்கியது. ஏணி வீட்டுக்குள் நுழையவில்லை..."

மச்சானின் வாய் பிளந்தது. அம்மாவின் முகத்தில் விளக்கு எரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தக்காளி தவழ்ந்து வந்து, தம் கட்டி ஏறி, விரித்த பக்கத்தின் மேல் சம்மணமாக உட்கார்ந்தான். ஒரு எழுத்துகூட வெளியே தெரியவில்லை.

பெரியவள் தம்பியின் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். பாடம் நிற்கவில்லை. "சரி, வீட்டை ஏணிக்குள் நுழைப்போம் என்றது ஆமை..."

"அடிப் பாவி!" மச்சான் தொடையில் தட்டிச் சிரித்தான். "ரோட்டை மறைச்சாலும் வண்டி நிக்காம ஓடுதே! என்கிட்ட டிரைவரா வந்துரு கண்ணு!"

அம்மாவும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. ஒரு எழுத்தின் மேல் ஈ உட்கார்ந்தால்கூட, அது பறக்கும்வரை காத்திருந்து படிக்கிறவன் அவன்.

மச்சான் கிளம்பி, லாரிச் சத்தம் தெருமுனையில் ஓய்ந்ததும், அவன் பெரியவளைப் பக்கத்தில் உட்கார வைத்தான். புத்தகத்தைத் திறந்து, நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தான்.

"இது என்னம்மா?"

அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்னு சொல்லுங்கப்பா. மொத்தமா சொல்றேன்."

"மொத்தமா வேணாம். இது மட்டும்."

அவள் உதட்டைக் கடித்தாள். பிறகு, தோற்காமலிருக்க இன்னொரு வழி கிடைத்தவள்போல் முகம் மலர்ந்தாள். "உங்க பாடம் வேணும்னா சொல்லவா? அதுவும் தெரியும். வண்டி மே... மேட்... அடச்சே... மேட்டில் ஏறியது."

அவனுடைய பாடம்தான். அவன் திணறிய இடத்தில் திணறி, அலுத்துக்கொண்ட இடத்தில் அலுத்துக்கொண்டு, அப்படியே சொன்னாள். கேலி செய்யவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டதை ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்து வைத்தாள்.

அடுப்படியில் பாத்திரம் நழுவி விழுந்தது. "தினமும் இதோ உக்காரலாம், இதோ உக்காரலாம்னுதான்..." என்று ஆரம்பித்த மனைவி பாத்திரத்தை எடுக்காமலே வெளியே வந்தாள். "ஏங்க, அவ ஒரு நாள்கூடக் கேக்கலையே. 'நான் எப்போ படிக்கிறது'ன்னு கேட்டிருந்தா..."

"நாம யாரும் அவள கேக்கலையே," என்றான் அவன். அவனுக்குத் தெரிந்த எழுத்துகள் எல்லாம் அந்தப் பாயில் கிடைத்தவை. அது யாருடைய பாய் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மறுநாள் மதியம் வந்ததும் கைகாலைத் தேய்த்துக் கழுவினான். சட்டை மாற்றினான். பெரியவளின் தோளிலிருந்து தக்காளியை வாங்கினான். "நீ போய் உக்காரு."

"உங்ககிட்ட தூங்கமாட்டான்பா. ரொம்ப குலுக்குவீங்க. தலையைத் தாங்கிப் பிடிக்கணும்."

"பிடிக்கிறேன் தாயே. போ."

அவள் பாயில் போய் உட்கார்ந்தாள். அம்மா முதல் எழுத்தில் விரல் வைத்தாள். கையில் பிள்ளை இல்லை. ஆனாலும் பெரியவளின் தோள் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. தக்காளி உப்பிச் சிவந்து வெடித்தான். உடனே அவள் கண் புத்தகத்தை விட்டுக் கதவுக்கு ஓடியது.

இங்கே நின்றால் ஆகாது என்று அவன் குழந்தையோடு தெருவில் இறங்கினான். அழுகை வீட்டுக்குக் கேட்காத தூரம் போக வேண்டும். சைக்கிள் கடை, மாவு மில், தண்ணீர்த் தொட்டி என்று தாண்டித் தாண்டி நடந்தான். பார்த்தவர்கள் எல்லாம் "பிள்ளைக்கு என்னப்பா?" என்றார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. உள்ளே அவள் எந்த எழுத்தில் நிற்கிறாளோ, எங்கே திணறுகிறாளோ, அது இவன் காதில் விழவில்லை. இவனுடைய ஒவ்வொரு திணறலும் அவள் காதில் விழுந்திருந்தது.

தொண்டை வற்றித் தக்காளி விசும்பலுக்கு வந்த பிறகு திரும்பினான். பாய் சுருட்டியாகிவிட்டது. பெரியவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எவ்வளவு படிச்சே?"

"ரெண்டு எழுத்துப்பா," என்றாள், தப்புச் செய்தவள்போல. சொல்லிக்கொண்டே தம்பியை அவன் கையிலிருந்து வாங்கித் தோளில் சாய்த்து, உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்படிச் சுடுது பாருங்க. வெயில்ல போறவங்க ஒரு துணியாவது போட்டிருக்கக் கூடாதா?"

அவள் கதவோரம் நின்று ஆடத் தொடங்கினாள். தக்காளிக்கு உடனே கண் சொருகியது.