மந்திரியின் வயிறு

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளை எல்லாரும் 'புழுக்கை டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் கோபமில்லை. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, முயல் கூண்டுக்கு அடியிலிருக்கும் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பவளை வேறெப்படிக் கூப்பிடுவது?

முயலுக்குக் குடல் அசைவு நின்றால் தின்னாது. தின்னாவிட்டால் குடல் இன்னும் மந்தமாகும். பிறகு பிழைப்பது கஷ்டம். பின்னங்காலில் முட்டிக்குக் கீழே மெல்லிய ஊசிகளைக் குத்தி, அவற்றில் இலேசாக மின்சாரம் பாய்ச்சினால் குடல் வேகமாக அசையுமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. எல்லா முயல்களுக்கும் நீல நிறம் கலந்த தீனி. ஒரு கூட்டத்துக்கு ஊசியும் மின்சாரமும். இன்னொன்றுக்கு ஊசி மட்டும். எந்தக் கூண்டில் நீலப் புழுக்கை முதலில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். மாதக்கணக்காகப் பார்த்தும் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி மெதுவாகத்தான் போட்டன.

"மூட்டையைக் கட்டிடலாம்மா," என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் ஒரு மதியம், முடி வெட்டும் கடை வைத்திருக்கும் அவள் தங்கை துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளே அவளுடைய முயல். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் எல்லாரையும் முறைப்பதால் அதற்கு 'மந்திரி' என்று பெயர்.

"அக்கா, மந்திரி நேத்திலேர்ந்து வாயே திறக்கல. புழுக்கையும் போடல. வயிறு கல்லு மாதிரி இருக்கு."

அக்கா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். அடைப்பு ஏதும் இல்லை. வலிக்கு ஊசி போட்டு, தோலுக்கடியில் திரவம் ஏற்றினாள். ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை.

"உன் கரன்ட்டை வைக்கலியா?"

"அது வேலை செய்யும்னு என்னால சொல்ல முடியலடி."

"கெடுதல் ஒண்ணும் இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப வை."

அக்கா வழக்கமான பெட்டியை எடுத்து வந்தாள். தலை மட்டும் வெளியே நீட்டியிருக்க, உடம்பு அசையாமல் பிடித்துவைக்கும் பெட்டி. ஆராய்ச்சியில் ஊசி குத்தும்போது எல்லா முயல்களையும் வைப்பது அதற்குள்தான். தங்கைக்கு முகம் மாறிவிட்டது.

"இதுக்குள்ளயா? வேணாங்க்கா, நான் மடியில வச்சுக்கறேன்."

முதல் தடவை முடி வெட்ட வந்து அலறும் குழந்தைகளைச் சமாளித்துப் பழகிய கை. ஒரு கையால் மந்திரியின் கண்களை மறைத்துக்கொண்டு, கடைக்கு வந்துபோனவர்களின் கதைகளை ஒவ்வொன்றாக அதன் காதில் சொல்ல ஆரம்பித்தாள். அக்கா ஊசிகளைக் குத்தி, கம்பிகளை மாட்டி, மின்சாரத்தை மெல்லக் கூட்டினாள். முயலின் கால் தசை சின்னதாகத் துடித்தது. அது திமிறவில்லை. கொஞ்ச நேரத்தில், எங்கோ யாரோ குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல் வயிற்றுக்குள் ஒரு சத்தம் கேட்டது.

சாயங்காலம் துண்டின்மேல் இரண்டு புழுக்கைகள் கிடந்தன. சின்னதாக, கறுப்பாக.

"புழுக்கையைப் பாத்து அழறவ உலகத்துலயே நான் ஒருத்திதான்," என்றாள் தங்கை.

"ரெண்டு பேர்," என்றாள் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"பாத்தியா, கரன்ட் வேலை செஞ்சிடுச்சு!"

"மருந்தா, கரன்ட்டா, உன் மடியான்னு ஒரே முயலை வச்சு எப்படிடி சொல்றது?"

"அந்தப் பெட்டியில போட்டிருந்தா பயந்தே செத்திருக்கும். பயம் வந்தா எனக்கு வயித்தைக் கலக்கும். இதுக்கு அப்படியே நின்னு போயிடும் போல."

பயத்தில் முயலின் குடல் நின்றுவிடும் என்பது அக்கா பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம். ஆனாலும் அன்றுவரை அவள் அதைப் பெட்டியோடு சேர்த்து யோசித்ததில்லை. மறுநாள் காலையில் பெட்டிக்குள்ளிருந்த ஒரு முயலின் எதிரே குனிந்து, அதன் முகத்தைப் பார்த்தாள். காதுகள் முதுகோடு ஒட்டிக் கிடந்தன. கண்ணில் வெள்ளை தெரிந்தது. அதை எடுத்துக் கூண்டில் விட்டுவிட்டு நேரே துறைத்தலைவரிடம் போனாள்.

"முதல்லேர்ந்து பண்ணணும் சார்."

"இத்தனை மாச வேலையையும் குப்பையில போடணுங்கறியா?"

"பெட்டி ரெண்டு கூட்டத்தையும் சமமா பயமுறுத்தியிருக்கு. அதனாலதான் ரெண்டும் சமமா வந்திருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மடியில வச்சுக்க ஆளுக்கு எங்க போவ?"

"நானே வச்சுக்கறேன்."

முயல்கள் அவள் மடிக்குப் பழகவே பல வாரங்கள் ஆயின. பிறகுதான் ஊசி. எந்த முயலுக்கு மின்சாரம், எதற்கு வெறும் ஊசி என்று தெரிந்துகொள்ளாமல் துறைத்தலைவரே தட்டுகளைப் பார்த்தார். இந்த முறை இரண்டு கூட்டமும் முன்பைவிடச் சீக்கிரம் போட்டன. மின்சாரம் பெற்றவை இன்னும் கொஞ்சம் சீக்கிரம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தபோதும் அது மாறவில்லை.

"அப்ப கரன்ட்டுதானே?" என்று தங்கை போனில் கேட்டாள்.

"அதுக்கும் பங்கு இருக்கு. பயமில்லாம இருந்ததுக்குத்தான் பெரிய பங்கு."

ஒரே ஒரு முயல் மட்டும் கடைசிவரை அவளிடம் ஒட்டவில்லை. பெட்டியில் அதிக காலம் இருந்தது அதுதான். மடியில் வைத்தாலே விறைத்துப் போய்விடும். அதை அவள் ஆராய்ச்சியிலிருந்து விலக்கிவிட்டாள். தினமும் கீரை கொண்டுபோய் அதன் கூண்டுக்குள் வைப்பாள். அவள் அந்தப் பக்கம் போன பிறகுதான் அது வந்து தின்னும்.