முன்னந்தலை

…உண்டா இல்லையா என்றுதான் கேட்டார் அந்த டாக்டரம்மா, உங்க அப்பாவுக்கு வழுக்கை உண்டா, இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம், நான் தெரியாது என்றேன், எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து குரலைத் தாழ்த்தி, அப்பா தவறிட்டாங்களா என்றார், இல்லை டாக்டர், இருக்கிறார், ஒரே வீடுதான், நேற்று ராத்திரிகூட எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டோம் என்றேன், அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தலையில் மட்டும்தான் கோளாறா என்று யோசித்த மாதிரி இருந்தது. என் அப்பா திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவர், பூணூல் போட்ட நாளிலிருந்து முன்னந்தலையைச் சிரைத்துப் பின்னால் குடுமி வைத்திருக்கிறவர், அவருடைய அப்பாவும் அப்படி, அம்மாவின் அப்பாவும் அப்படி, வாரா வாரம் சிரைத்துக்கொள்கிற தலையில் முடி தானாகப் போயிற்றா, கத்தியால் போயிற்றா என்று எதை வைத்துச் சொல்வது? குடும்பத்தில் கிராப் வைத்துக்கொண்ட முதல் ஆள் நான். அப்படியானால் வழுக்கை விழுந்தால் வெளியே தெரியக்கூடிய முதல் ஆளும் நான்தான், இருபத்தாறு வயதில் இது என்ன பெருமை.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து கால் மணி நேரமாகப் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், பற்பசை எப்போதோ தீர்ந்துவிட்டது, வெறும் பிரஷ்தான் வாயில் ஓடுகிறது. எதிரே கிணற்றடியில் மணைமேல் அப்பா, கண்ணை மூடிக்கொண்டு, அவர் முன்னால் குந்தியிருக்கிறார் நாகேந்திரன், மலையில் முடி இறக்குகிற கொட்டகையில் வேலை பார்ப்பவர், ஞாயிறு காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டுப் போவார். எத்தனை ஞாயிறு இதைத் தாண்டிக் குளிக்கப் போயிருப்பேன், ஒரு நாளாவது உற்றுப் பார்த்தேனா? சோப்பு நுரை அப்பாவின் முன்னந்தலை முழுக்க இருக்கிறது, கீழே ஒன்றும் தெரியவில்லை, சரி, கண்ணுக்குத் தெரியாவிட்டால் காது இருக்கிறதே, அம்பத்தூரில் பெயிண்ட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு, பூச்சு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினால் வருகிற சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். கத்தி காதோரம் இறங்கும்போது சர், சர் என்று கேட்கிறது, அங்கே முடி இருக்கிறது. நெற்றிப்பொட்டுக்கு மேலே ஏறுகிறது… இன்னும் மேலே… சத்தம் நின்றுவிட்டதா, இல்லை மலைப் பக்கத்து ஒலிபெருக்கி அமுக்கிவிட்டதா? சனியன், இப்போது பார்த்துத்தான் காணாமல் போன குழந்தையின் சட்டை நிறத்தை மூன்று தடவை சொல்ல வேண்டுமா.

பதினொன்றரைக்குள் அரக்கோணத்தில் இருக்க வேண்டும், ஹம்சாவைப் பெண் பார்க்க. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், ஜாதகம் பொருந்திவிட்டது, வந்த போட்டோவில் ஏதோ கேட்க வாயெடுக்கிற மாதிரி ஒரு முகம், அந்த முகத்தை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ரயிலில் போகும்போது பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால் இங்கிருந்து போன என் போட்டோ இரண்டாயிரத்து ஒன்றில் எடுத்தது, அதில் முடி பம்மென்று இருக்கும். இப்போது இரண்டாயிரத்து நான்கு. மூன்று வருஷத்தில் நெற்றி இரண்டு பக்கமும் உள்ளே போய்விட்டது, நான் இடது பக்கத்து முடியை இழுத்து வலது பக்கத்துக்கு விட்டுச் சமாளிக்கிறேன், காற்றடித்தால் சட்டென்று கை தலைக்குப் போகும், ஜன்னலோர சீட்டே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவளிடம் சொல்வதா, அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதா? சொல்வதென்றால் எப்படித் தொடங்குவது, பஜ்ஜியைச் சாப்பிட்டுக்கொண்டே, எனக்கு முடி கொட்டுகிறது என்றா? சொல்லி, அவள் வேண்டாம் என்றுவிட்டால்… சொல்லாமல் கல்யாணம் ஆகி, பிறகு அவள் தெரிந்துகொண்டால் அதைவிடக் கேவலம்.

நானும் சும்மா இருக்கவில்லை. முதலில் கரிசலாங்கண்ணி எண்ணெய், பிறகு சின்ன வெங்காயச் சாறு, அம்பத்தூர் லோக்கலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போய் நின்றுகொண்டார். அப்புறம் ஊரில் எல்லோரும் சத்தியம் செய்கிற வைத்தியம், மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்று அம்மா வேண்டிக்கொண்டாள், மலையில் போட்டேன், இந்த ஊரில் மொட்டைக்குத்தான் என்ன மரியாதை, சந்தனம் பூசிக்கொண்டு நடந்தால் ஆட்டோக்காரர்கூட வழிவிடுகிறார். நாலு மாதத்தில் பின்னால் நன்றாக வந்தது, முன்னால் முன்பு எவ்வளவோ அவ்வளவுதான், அதையும் எண்ணி வைத்த மாதிரி. பிறகுதான் தோல் டாக்டர். தலையில் தடவ ஒரு திரவம் கொடுத்தார், காலையும் மாலையும் ஒரு மில்லி, சொட்டுக்குழாயில் எடுத்து விட வேண்டும், முதலில் இன்னும் அதிகமாகக் கொட்டும், பயப்படாதீங்க என்றார், வளர்வதற்காகக் கொட்டுமாம், இது என்ன நியாயம் என்று நினைத்தேன், ஆனால் அப்படியேதான் ஆயிற்று, இப்போது ஆறு மாதம் கழித்துக் குழந்தை முடி மாதிரி கொஞ்சம் வந்திருக்கிறது. அடுத்தது மாத்திரை. வயதானவர்களுக்கு வேறொரு உபாதைக்குக் கொடுக்கப்போய் முடிக்கும் உதவுகிறது என்று கண்டுபிடித்தார்களாம். தினம் ஒன்று, நிறுத்தினால் வளர்ந்தது போய்விடும், நூற்றில் ஒருவர் இருவருக்கு ஆசை குறையலாம், கர்ப்பமாக இருக்கிற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அப்பா தலை எந்த வயசுல எவ்வளவு போச்சுன்னு கேட்டுட்டு வாங்க, உங்களுக்கு எவ்வளவு தூரம் போகும்னு ஒரு குத்துமதிப்பா தெரியும் என்றார். மாத்திரை அட்டை பத்து நாளாகச் சட்டைப் பையில் பிரிக்காமல் கிடக்கிறது. கல்யாணம் ஆன பிறகு ஒரே வீட்டுக்குள் இதை ஹம்சாவுக்குத் தெரியாமல் வைத்திருக்க முடியுமா, அவள் அறிவியல் டீச்சர் வேறு.

நாற்று நடுகிற மாதிரி நட்டுவிடவும் செய்கிறார்கள், பின்னந்தலையிலிருந்து வேரோடு எடுத்து முன்னால். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அது இல்லை, அந்த முடி முன்னால் வந்த பிறகும் கொட்டுவதில்லையாம். இடம் மாறினாலும் பிறந்த இடத்துக் குணம் போகாது என்றார் டாக்டரம்மா. ரயிலில் திருவள்ளூர் வரும்வரை இதையே யோசித்துக்கொண்டு வந்தேன், கொட்டுகிற முன்பக்கத்தை வழித்துவிட்டுக் கொட்டாத பின்பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வதுதானே குடுமி, இதை யார் முதலில் யோசித்தது, சாஸ்திரமா, இல்லை எந்தக் காலத்திலோ முன்னந்தலை போன ஒரு சமையற்காரர், எல்லோரும் வழித்துக்கொள்ளுங்கள் அப்போது யாருக்கும் தெரியாது என்று கிளப்பிவிட்டாரா? தனியாகச் சிரித்தேன், எதிர் சீட்டுக்காரர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். இனிமேல் வரப்போகிறதும் இருக்கிறதாம், வேர்ச் செல் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தட்டில் ஆயிரமாகப் பெருக்கித் தலையில் விதைப்பது, இன்னும் ஐந்து வருஷத்தில் வந்துவிடும் என்று பேப்பரில் போட்டிருந்தான், அதே பேப்பரில் மூன்று வருஷம் முன்பும் ஐந்து வருஷம் என்றுதான் போட்டிருந்தான். வரட்டும், எனக்கு இன்றைக்குப் பதினொன்றரை அல்லவா கவலை.

"ஆங், முடிஞ்சிது சாமி, எழுந்துக்கங்க" என்றார் நாகேந்திரன். அப்பா கண்ணைத் திறந்து முன்னந்தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டு, என்னிடம் "பல்லு தேஞ்சு போயிடப்போறது, சீக்கிரம் தலையைக் காமி, நாழியாறது" என்று சொல்லிக் குளிக்கப் போனார். மணைமேல் நான் உட்கார்ந்தேன், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கத் தொடங்கியதும் கேட்டுவிட்டேன், இவ்வளவு வெளிப்படையாகக் கேட்பேன் என்று நானே நினைக்கவில்லை, "அப்பாவுக்கு முன்னாடி முடி இருக்கா நாகேந்திரன்?"

அவர் சீப்பைத் துடைத்தார். "இருவத்தி ரெண்டு வருசமா வந்துகினு இருக்கேன் தம்பி. நான் வந்தப்பவே ஒண்ணும் கெடயாது. காதோரமும் பின்னாடியும்தான் வேலையே. முன்னாடி சும்மா சோப்பு போட்டு கத்தியோட முதுவ ஓட்டிகினு இருக்கேன்."

"எதுக்கு?"

"மொத நாளு தெரியாம முன்பக்கத்த உட்டுட்டு கத்திய மடிச்சிட்டேன். சாமி எழுந்திரிக்கவே இல்ல, அப்டியே குனிஞ்சிகினு உக்காந்துகினு இருந்தாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடிச்சி. மறுபடியும் சோப்பு போட்டேன். அதுக்கு மின்ன எங்க நைனா வந்துகினு இருந்தாரு, அவரும் அப்டித்தான் செஞ்சிருப்பாரு." பிறகு என் முடியைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மறைச்சி வெட்டட்டுமா, இருக்கறத இருக்கற மாதிரி வெட்டட்டுமா?" என்றார்.

அப்பாவுக்கு இப்போது ஐம்பத்து மூன்று, இருபத்திரண்டைக் கழித்தால் முப்பத்தொன்று, முப்பத்தொன்றில் ஒன்றுமே இல்லை. என் தலை எங்கே போகும் என்று தெரிந்துவிட்டது. பயம் வர வேண்டும், வரவில்லை, அப்பா குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார் என்றதுதான் என்னை என்னவோ செய்தது, என் அப்பாவா, ஆயிரம் பேருக்குப் பொங்கல் கிளறுகிறவர், யாருக்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர், அவரா? கொஞ்சம் இருங்க என்று சொல்லி எழுந்து சமையலறைக்குப் போனேன். ஏனென்றால் இன்னொன்று ஞாபகம் வந்துவிட்டது, மனைவி கர்ப்பமாக இருக்கும்போது புருஷன் சவரம் செய்துகொள்வதில்லை எங்கள் வீடுகளில். நான் வயிற்றில் இருந்தபோது அந்தத் தலையை வழித்து மறைத்திருக்க முடியாது. பார்த்திருக்கக்கூடிய ஆள் ஒருத்திதான்.

அம்மா ஃபில்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். கேட்டேன். "எதுக்குடா இப்போ அது?" என்றவள் என் முன்னந்தலையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பின்பக்கக் கதவைப் பாதி சாத்தினாள். "அஞ்சு மாசம் துண்டும் தலையுமாவே இருந்தார். கேட்டா நீர்க்கோவைம்பார். சித்திரை வெயில்ல என்ன நீர்க்கோவை? ஒருநா மத்தியானம் மலையிலேர்ந்து வந்து கூடத்துல அசந்து தூங்கிண்டிருந்தார், துண்டு நழுவிடுத்து. பார்த்தேன். தாடி இவ்வளவு, தலையில முன்னாடி ஒண்ணுமே இல்லை. சிரிப்பான சிரிப்பு, நீ வேற உள்ள உதைக்கறே, வாயைப் பொத்திண்டேன். அப்பறம் பாவமா இருந்தது. முழிச்சுண்டா சங்கடப்படுவாரேன்னு, மெதுவா உக்காந்து திரும்பக் கட்டிவிட்டுட்டேன். இன்னிவரைக்கும் அவருக்குத் தெரியாது, நீ போய் உளறிவைக்காதே." சொல்லிவிட்டு நாகேந்திரனுக்கான காபியை என் கையில் கொடுத்தாள், அவள் முகம் ஒரு நிமிஷம் இருபது வயதுக்காரியின் முகமாக இருந்தது.

தம்ளரோடு பின்வாசற்படியில் நின்றுவிட்டேன். தெரியாதா? அப்பாவுக்கா? நாளெல்லாம் பிரசாதத் தொன்னையும் பொட்டலமும் கட்டுகிற கை, வேறு யாராவது கட்டியிருந்தால் தூக்கிப் பார்க்காமலே இது என் முடிச்சு இல்லை என்பார், தூங்கி எழுந்து துண்டை அவிழ்த்தபோது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்து, அவிழ்க்காமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாரோ… இருபத்தாறு வருஷமாக அவருக்குத் தெரியாது என்று அவள், அவளுக்குத் தெரியாது என்று அவர். நாகேந்திரன் கத்தரிக்கோலோடு என்னைப் பார்த்தார், இருக்கறத இருக்கற மாதிரியே வெட்டுங்க என்றேன். ஹம்சாவிடம் இன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், மாத்திரையையும் சேர்த்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் சொல்லிவிட்டால், நான் தூங்கும்போது அவள் மெதுவாக வந்து உட்காருகிற அந்த மாதிரி ஒரு மத்தியானம் எனக்கு வராமலே போய்விடுமே என்றும் இருந்தது, போன முடிக்காகக்கூட நான் இவ்வளவு ஏங்கியதில்லை.