மூன்றில் இரண்டு

சுரங்கத் தொழிலாளி ஏசுபாதத்தை அடக்கம் பண்ணும் நாள் பார்த்துத்தான் கோரமண்டல் கோயில் ஆர்மோனியத்தில் ‘ஏ’ கட்டை ஊமையானது. உள்ளே ஒலி எழுப்பும் தகடான ரீடு முறிந்திருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குச் சவப்பெட்டி வந்துவிடும்.

நேசமணி கலங்கவில்லை. கூலி லைன் வீட்டில் பிறந்து மெட்ரிகுலேஷன் தேறிப் பள்ளிக்கூட டீச்சரானவள். கோயில் ஆர்மோனியப் பெட்டியை வாசிப்பதும் அவள்தான். சாவுப் பாட்டின் ஒவ்வொரு அடியும் ஏ, சி, ஈ என்ற மூன்று கட்டைகளில் வந்து இறங்கும். ஏ இல்லாவிட்டால் சி, ஈ, ஜி அழுத்தினால் போதும் என்று தோன்றியது. சிலேட்டில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தாள்.

“மூணுல ரெண்டு ஒண்ணுதான். யாருக்கும் வித்தியாசம் தெரியாது” என்று வாசித்துக் காட்டினாள்.

பாட்டுக் குழுவில் பாடும் டெய்சி, சுரங்கத்தின் மேலே கல் பொறுக்குகிறவள், முகத்தைச் சுளித்தாள். “இன்னாக்கா இது? கண்ணாலத்துக்குப் பொண்ண அழச்சினு வர்ற மாதிரி கீது. பெட்டி வேணாக்கா, வாயாலயே பாடிக்கலாம்.”

“நாலு எழுத்து படிச்சிட்டு வா. அப்புறம் எனக்குச் சொல்லிக் குடு.”

டெய்சி பாட்டுப் புத்தகங்களை அடுக்கப் போனாள்.

நாலு மணிக்குக் கோயில் நிறைந்திருந்தது. பாட்டுக்கு முன்னால் பெட்டி மட்டும் தனியாக ஒலிக்கும். நேசமணி துருத்தியை அசைத்து அழுத்தினாள். சத்தம் பளிச்சென்று எழுந்தது. ஒப்பாரி சட்டென்று நின்றது. பின்வரிசையில் ஒரு குழந்தை கைதட்டியது.

ஏசுபாதத்தின் மனைவி தங்கம்மா தலையைத் தூக்கினாள்.

“டீச்சரம்மா, என் வூட்டுக்காரரு கல்லு வியுந்து செத்துட்டாரும்மா. இங்க யாருக்கு இன்னா கண்ணாலம்?”

நேசமணியின் விரல்கள் கட்டைகளைவிட்டு எழவில்லை. ஒத்துப்போன இரண்டை எண்ணினாளே, மாறிப்போன ஒன்றை ஒரு தரம் காதுகொடுத்துக் கேட்டாளா?

“பெட்டி கோளாறும்மா, ரீடு போச்சி” என்றார் உபதேசியார் சகாயம். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தச் சாக்குக்குள் நுழைந்துகொள்ள நேசமணிக்கு ஆசையாகத்தான் இருந்தது.

“பெட்டி மேல தப்பு இல்ல. டெய்சி காலைலயே சொன்னா. நான்தான் அவளை மட்டம் தட்டிட்டேன்.”

குரல் பாதிக் கோயிலுக்குக்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது. தங்கம்மா சவப்பெட்டிக்குள் கிடந்தவன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டெய்சி தானாகப் பாட்டை எடுத்தாள். ஒப்பாரி மறுபடி கிளம்பியது. நேசமணி எழுந்து கடைசி வரிசைக்குப் போய் நின்றாள்.