சைரனில் என் அம்மாவின் குரல்

எங்கள் ஊர் சைரனில் பேசுவது என் அம்மா. மாதம் ஒருமுறை அபாய ஒத்திகை நடக்கும்போது ஒலிபெருக்கிக் கம்பங்களிலிருந்து அம்மா தல்வாவின் குரல்தான் வரும். கீழ்த்தெருவில் யாரும் அடுப்பைக்கூட அணைக்க மாட்டார்கள்.

"உங்கம்மா பாட ஆரம்பிச்சிட்டாங்கடீ!" என்று ஜந்திரா சிரிப்பாள்.

ஜந்திரா என் வகுப்புத் தோழி. அவள் வீடு கீழ்த்தெருவில், எங்கள் வீடு மேட்டில். கீழ்த்தெருவுக்கு மேலே, பள்ளத்தாக்கின் தலைமாட்டில், சுரங்கக் கம்பெனியின் அணை. இரும்புத் தாதைக் கழுவிய சேறெல்லாம் அங்கேதான் நிற்கிறது.

அம்மா அணை கட்டும் பொறியியல் படித்தவள். ஆனால் கம்பெனி அவளை அணைக்கு அனுப்பவில்லை. மக்கள் தொடர்புப் பிரிவில் உட்கார வைத்தது. "இன்ஜினியரே சொன்னா ஜனங்க நம்புவாங்க, தல்வா" என்றாராம் மேனேஜர்.

போன வாரம் நிஜ ஆபத்துக்கான அறிவிப்பை மாற்றி எழுதச் சொன்னார்கள். அம்மா சாப்பாட்டு மேசையில் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"பயமா இருக்கா, லெனிசே?"

"இருக்கும்மா."

"அப்ப ஒத்துக்க மாட்டாங்க."

'ஓடுங்கள்' என்பதை அடித்துவிட்டு, 'அமைதியாக நடந்து வாருங்கள்' என்று எழுதினாள்.

"ஓடச் சொன்னா என்னம்மா?"

"அணை சரியில்லன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம்."

தட்டில் சோறும் பீன்ஸும் ஆறிக் கிடந்தன. அவள் தொடவில்லை.

இன்று இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். துணி துவைக்கும் இடத்தில் நின்று அம்மா போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் நீல்சா சித்தி. அவளும் கீழ்த்தெருதான்.

"அணைக்குள்ள தண்ணி ஏறுது, நீல்சா. ஆபீஸ்ல வந்த அளவு ரிப்போர்ட்ட நானே பாத்தேன். சைரன்ல என் குரல் கேட்டா நடக்காத. ஓடு. பிள்ளைங்களத் தூக்கிட்டு ஓடு. சேறு உன் வாசலுக்கு வர நாலு நிமிஷம் கூட ஆகாது." பிறகு, "யார்கிட்டயும் சொல்லிடாத. வேலை போயிடும்."

ஓசைப்படாமல் திரும்பிப் போய்ப் படுத்தேன். ஜந்திராவின் தம்பிக்கு இன்னும் நடக்கவே வரவில்லை.

போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ஜந்திராவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். "சைரன் அடிச்சா நடக்காதடீ. ஓடிடு."

உடனே பதில் வந்தது. தூக்கக் கலக்கத்தில் சிரித்தாள். "பயந்தாங்கொள்ளி! ஒத்திகையில உங்கம்மாவே நடந்தாப் போதும்னு சொல்றாங்க. இன்ஜினியருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? தூங்குடீ."

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அம்மாவின் படிப்பை நம்பித்தான் அவள் தூங்கப் போகிறாள்.

அம்மா அறைக்குப் போய் விளக்கை அணைக்கும்வரை காத்திருந்தேன். பிறகு வாயைப் போனோடு ஒட்டிவைத்துச் சொன்னேன்: "அம்மா எங்க சித்திய மட்டும் ஓடச் சொன்னாங்க, ஜந்திரா. நான் என் காதால கேட்டேன்."

அவள் கேட்டுவிட்டாள் என்று திரை காட்டியது.

ஜன்னல் வழியே பார்த்தேன். கீழே ஜந்திரா வீட்டில் விளக்கு எரிந்தது. அடுத்து பக்கத்து வீட்டில். பிறகு எதிர்ச்சாரியில்.

அம்மாவின் அறையில் போன் அடிக்க ஆரம்பித்தது.