பாரமில்லாத கலப்பை

சீ, அந்தக் கண்டறியாத கலப்பையை நினைச்சால் இப்பவும் எனக்கு ஓங்காளம் வருது. கலப்பையிலை பிழையில்லை, அது வெறும் இரும்பு. அதைச் சுத்தி நிண்ட ஆக்களைத்தான் சொல்லுறன்.

எண்பத்தாறாம் ஆண்டு. ஜேர்மனியிலை பீலெஃபெல்டுக்கு வெளியிலை, வயலுகளுக்கு நடுவிலை ஒரு பழைய பள்ளிக்கூடத்திலை அகதிக் குடும்பங்களைக் குடியிருத்தியிருந்தினம். என்ர பேர் மக்டலீன். என்ர மனுசன் இராயப்பு மன்னாரிலை கடற்தொழில் செய்தவர். ஆமி தேடி வந்ததாலை வள்ளத்தையும் விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். இங்கை எங்கட அகதி வழக்குக்கு இன்னும் முடிவு வரேல்லை. திருப்பி அனுப்பினால் அங்கை இவரின்ர உயிர் தங்காது. அந்தப் பயத்திலை, ஆர் கதவைத் தட்டினாலும் இவர் எழும்பி நிண்டிடுவார்.

எங்களுக்கு மொழிபெயர்க்கிறவர் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை. ஊரிலை சங்கக்கடை மனேஜராம். ஒரு மாதம் இந்த நாட்டு டொச் பாசை வகுப்புக்குப் போனவர், அதோடை கழுத்திலை டை ஏறியிட்டுது. தெரியாது எண்ட சொல் மட்டும் அந்த வாயிலை வராது.

ஒரு பின்னேரம், கட்டிடத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காறன் வந்து ஏதோ சொன்னான். "ஃப்ளூக்" எண்ட சொல் எனக்கும் கேட்டுது. அண்ணையின்ர முகம் பேயறைஞ்ச மாதிரிப் போச்சு.

"ப்ளேன்! நாளைக்குக் காலமை பஸ் வருதாம். எல்லாரையும் திருப்பி அனுப்பப் போறாங்கள்!"

"வடிவாக் கேட்டனீங்களோ அண்ணை? இன்னொருக்காக் கேளுங்கோ" எண்டன்.

அவர் கேட்டார். "ஃப்ளூக்?"

"யா, யா, ஃப்ளூக்!" எண்டு அந்த மனுசன் சந்தோசமாத் தலையாட்டினான். எங்களை அனுப்புறதிலை இவனுக்கு இவ்வளவு புளுகமோ எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

காலமை, சூட்கேசும் செபமாலையுமா அழுதுகொண்டு பஸ்ஸிலை ஏறினம். அந்த வெள்ளைக்காறன் சூட்கேசுகளைப் பாத்திட்டுத் தோளைக் குலுக்கினான். பஸ் வெளிக்கிட்டாப் பிறகுதான் இவரின்ர வாயிலை எலுமிச்சம்பழ மணம் மணந்துது.

"என்னப்பா குடிச்சனீங்கள்?"

"சத்தம் போடாதையும். சவுக்காரத்தூள், தண்ணியிலை கரைச்சுக் குடிச்சிட்டன். வருத்தக்காறரைப் ப்ளேனிலை ஏத்தமாட்டினமாம்."

"மடு மாதாவே! உங்களுக்கென்ன விசரே?"

விசர் இல்லை, பயம். அது எனக்கும் தெரியும்.

பஸ் எயார்போட்டுக்குப் போகேல்லை. ஒரு வயற்கரையிலை எங்களை இறக்கிவிட்டிட்டு, மத்தியானம் வாறன் எண்டு சாரதி போயிட்டான். அங்கை ஒரு குதிரை நிண்டுது. குதிரைக்குப் பின்னாலை நீலப் பெயின்ற் அடிச்ச சின்னக் கலப்பை. பக்கத்திலை கோட்டுப் போட்ட ஒரு எஞ்சினியர், கையிலை கமராவோடை ரெண்டு பேர்.

டொச்சிலை பறக்கிற பயணத்துக்கு ஃப்ளூக் எண்டு பேர். கலப்பைக்கு ப்ஃளூக். ஒரு 'ப்' தான் வித்தியாசம். அந்தப் 'ப்'பையும் இந்தப் பக்கத்துச் சனம் விழுங்கிப்போடும்.

"இஞ்சருங்கோ, குதிரையப்பா! ப்ளேன் இல்லை, கலப்பை!"

இவர் குதிரையைப் பாத்தார். சிரிக்கப் பாத்தார், ஏலேல்லை. சவுக்காரம் உள்ளுக்குப் போனது போனதுதானே.

எஞ்சினியர் பேசத் தொடங்கினார். அண்ணை கொஞ்சமும் வெக்கமில்லாமல், டையைச் சரிபண்ணிக்கொண்டு மொழிபெயர்த்தார். "ஏழை நாட்டிலை வயல் உழுற கமக்காறருக்கெண்டே செய்ததாம். ரெண்டு மாடு வேண்டாமாம், ஒரு மெலிஞ்ச குதிரை காணுமாம். டீசல் செலவில்லையாம். வயல் கரையிலை திருப்பேக்கை ஒரு பொம்பிளையே தூக்கலாமாம், அவ்வளவு பாரம் குறைவாம். நீங்கள் கமக்காறரெண்டபடியால் உங்கட அபிப்பிராயம் வேணுமாம்."

கமக்காறர்! அங்கை நிண்டதிலை ஒருத்தர் தையற்காறர், ஒருத்தர் பஸ் கொண்டக்டர், என்ர மனுசன் வலை இழுத்தவர். மன்னாரிலை எந்தக் குதிரை வயல் உழுதது? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாக்கு அழுகிப்போமோ? கறுப்பெண்டால் கமக்காறன், முடிஞ்சுது கதை. அண்ணையாவது வாயைத் திறந்தாரோ? "யா, யா" எண்டு தலையாட்டிக்கொண்டு நிண்டார். தூ!

உள்ளதைச் சொல்லவேணும், கலப்பை நல்லாத்தான் உழுதது. குதிரை மூச்சு வாங்காமல் போச்சுது. மண் பிட்டு மாதிரி உதிர்ந்து புரண்டுது. எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கேல்லை. இவரின்ர முகம் வெளிறிக்கொண்டு போறதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்.

படம் எடுக்கவேணுமெண்டு, நிண்ட அவ்வளவு பேருக்குள்ளையும் இவரைத்தான் இழுத்துக்கொண்டு போனாங்கள். நான் "வருத்தம், வருத்தம்" எண்டு கத்த, அண்ணை "ஒரு நிமிசம் தங்கச்சி" எண்டார். கலப்பையின்ர பிடியைப் பிடிக்க வைச்சினம்.

"சிரிக்கட்டாம்" எண்டார் அண்ணை.

இவர் வாயைத் திறந்தார். சத்திதான் வந்தது. நுரை நுரையா, வாயாலையும் மூக்காலையும், எலுமிச்சை மணத்தோடை, கலப்பை முழுக்க. குதிரை கூடப் பயந்து விலகிச்சுது.

எஞ்சினியர் ஓடி வந்தார். என்ர மனுசனைத் தூக்கப் போறார் எண்டு நினைச்சன். பொக்கற்றிலை கிடந்த கைலேஞ்சியை எடுத்து அந்தாள் கலப்பையைத் துடைச்சார்! முதல் கொழுவை, பிறகு பிடியை. என்ர மனுசன் அந்தாளின்ர சப்பாத்துக்குப் பக்கத்திலை முழங்காலிலை கிடந்து இரைச்சுக்கொண்டிருக்கிறார். அந்த அருவருப்பு எனக்கு இண்டைக்கும் தீரேல்லை. சத்தியைச் சொல்லேல்லை, லேஞ்சியைச் சொல்லுறன்.

மழை தூறத் தொடங்கிச்சுது. எஞ்சினியர் கலப்பையைக் கழட்டித் தன்ர காரின்ர பின் சீற்றை மடிச்சுப்போட்டு உள்ளுக்கு ஏத்திப்போட்டார். இவருக்கு மூச்சு விசிலடிக்குது, சொண்டு நீலம் பாரிச்சிட்டுது. கண்ணுக்கெட்டின தூரம் வேறை வாகனமில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுங்கோ அண்ணை!"

அண்ணை போய்க் கதைச்சிட்டு வந்தார். "காருக்குள்ளை கலப்பையாம். இடமில்லையாம். மழையிலை விட்டால் கறள் பிடிக்குமாம். பஸ் வரட்டாம்."

நான் போய்க் கார்க் கதவைத் திறந்து கலப்பையைப் பிடிச்சுத் தூக்கினன். மெய்தான், பாரமே இல்லை. ஒரே வீச்சிலை சேத்துக்குள்ளை எறிஞ்சன். பிறகு இவரைத் தூக்கினன், இவர்தான் கனத்தார். எஞ்சினியர் என்ர முகத்தைப் பாத்திட்டுக் காரை எடுத்தார்.

ஆஸ்பத்திரியிலை இவரை உள்ளுக்கு எடுத்தினம். வெளியிலை வாங்கிலை எஞ்சினியரும் அண்ணையும் நானும் குந்தியிருந்தம். கனநேரத்துக்குப் பிறகு எஞ்சினியர் தொண்டையைச் செருமி ஏதோ கேட்டார்.

"தங்கச்சி, கோவிக்காதையும். கலப்பை எப்பிடியாம்?"

"பாரமில்லை எண்டு சொல்லுங்கோ. இதையெண்டாலும் ஒழுங்கா மொழிபெயருங்கோ."

டொக்டர் வந்து ஆள் தப்பியிட்டார் எண்டு கையாலை காட்டினார். நான் ஓடினன். இவர் அரை மயக்கத்திலை என்ர கையைத் தடவிப் பிடிச்சார்.

"ப்ளேன் போயிட்டுதோ?"

நான் இவரின்ர காதுக்குக் கிட்டக் குனிஞ்சன்.

"ஓமப்பா, போயிட்டுது. எங்களை விட்டிட்டுப் போயிட்டுது" எண்டன். பிறகுதான் இவர் கண்ணை மூடி நித்திரை கொண்டார்.