அண்ணன் குடித்த ஆரஞ்சுத் தண்ணீர்

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் படியேறித்தான் உடம்பைக் குறைக்க வேண்டும் என்று என் அண்ணன் தலையில் எழுதியிருந்தது. எல்லாம் என்னால்தான். எனக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. அவனுடையதில் ஒன்று பொருந்தும் என்றார்கள், ஆனால் இந்த எடையில் கத்தி வைக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். தினமும் மூச்சு வாங்குகிற மாதிரி உடற்பயிற்சி, அதாவது கார்டியோ, செய்யச் சொன்னார்கள். அவனுக்குத் தெரிந்த கார்டியோ, எங்கள் கட்டடத்தின் படிக்கட்டு.

சாயங்காலம் தையல் கடையிலிருந்து வந்ததும் கீழ்ப்படியில் பாட்டிலோடு உட்கார்ந்துகொள்வேன். அவன் மேலே போய், இறங்கி, மறுபடி போவான். லிஃப்டில் போகிறவர்கள், "ஏன் சார், லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

முடித்து வந்தால் அவனுக்குப் பசியே இருக்காது. முகம் சிவந்து, சட்டை நனைந்து, "சாப்பாட்டை நினைச்சாலே வேணாம்னு இருக்கு" என்பான். எனக்காக உருகிப்போகிறானே என்று நினைப்பேன். அதனால் ஆரஞ்சு சத்துப் பொடியைக் கரைத்து, போதாதென்று குளுக்கோஸையும் கைநிறைய அள்ளிப் போட்டு, ஐஸ் சேர்த்துக் கொடுப்பேன். அவன் அண்ணாந்து கடகடவென்று குடிப்பான்.

அதைப் பார்ப்பது எனக்கு எவ்வளவு இஷ்டம் என்று வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் தண்ணீருக்கு அளவு உண்டு. டயாலிசிஸ் எடுத்துக்கொள்கிறவள் தாகமெடுத்தால் குடிக்க முடியாது, நாக்கை நனைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான்.

குளித்துவிட்டு வந்தால் அவனுக்குப் பசி திரும்பிவிடும். வழக்கமான சாப்பாட்டில் ஒரு பிடி குறையாது. "இவர் படியேறி என்ன பிரயோஜனம்?" என்று அண்ணி முணுமுணுப்பாள். உழைக்கிற உடம்பு கேட்கத்தானே செய்யும் என்று அவளோடு சண்டைக்குப் போவேன்.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது அரை கிலோ கூடியிருந்தது. அடுத்த மாதமும் குறையவில்லை என்றால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு வேறு ஆளே கிடையாது.

உணவு ஆலோசகர் அம்மா அண்ணனிடம், "படியேறி முடிச்சதும் என்ன சார் குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"தண்ணிதான் மேடம்" என்றான், வாய் கூசாமல்.

"பொய்யிங்க. ஆரஞ்சுப் பொடி, குளுக்கோஸ். நான்தான் கரைச்சுத் தர்றேன்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏறி முடிச்ச உடனே பசி கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும்மா, அப்புறம் தானா வரும். நீங்க குடுக்குற இனிப்பை வயிறு சாப்பாடா எடுத்துக்காது. அது பாட்டுக்கு அது, சாப்பாடு பாட்டுக்குச் சாப்பாடு. ஏறினது எல்லாம் வீண். தண்ணியே போதும்னு போன தடவையே இவர்கிட்ட சொல்லியிருந்தேனே."

பஸ்ஸில் அவனை வெளுத்து வாங்கினேன். "தெரிஞ்சேவா குடிச்ச? உனக்கு மூளை இருக்கா? என் உயிரு இதுல இருக்குண்ணா."

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "நான் ஒவ்வொரு வாய் முழுங்குறப்பவும் நீயும் முழுங்குற. உனக்கே தெரியாது. நீ அவ்வளவு ஆசையா கலக்கிக் குடுக்குறதை எப்படி வேணாம்னு சொல்லச் சொல்ற?"

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

மறுநாளிலிருந்து பாட்டிலில் வெறும் தண்ணீர். அவன் குடிக்கும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இனி என் ஆசைக்காக அவன் எதையும் குடிக்கக்கூடாது என்று வைராக்கியம். குடித்துவிட்டுப் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவான். பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது, நானே பிடித்துத் தைத்தேன். அடுத்த முறை டாக்டர் தராசைப் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்.

அன்றைக்கும் படியேறினான். இறங்கி வந்தவன் பாட்டிலைத் திறக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இந்தப் பக்கம் திரும்பு" என்றான்.

"எதுக்கு?"

"ஒரு மாசமா தனியாக் குடிக்கிற மாதிரி இருக்கு. நல்லாவே இல்ல."

திரும்பினேன். அவன் அவசரப்படாமல், வாய் வாயாகக் குடித்தான். நான் மறைக்கவில்லை, கூடவே விழுங்கினேன்.

"தாகம் தீந்துச்சா?" என்று என்னைக் கேட்டான்.

"பாதிதான்."

காலி பாட்டிலை என் கையில் கொடுத்து, "போய் நிரப்பிட்டு வா" என்றான்.